ஒரு சமாதியைச் சுற்றி வளர்ந்த ஊர்

திருவண்ணாமலைக் கோயிலிலிருந்து செங்கம் சாலையில் சுமார் இரண்டு கிலோமீட்டர். விடுதிகள், காபிக் கடைகள், ஆட்டோக்கள், மேல்துண்டு போர்த்திய வெள்ளைக்காரர்கள் என்று இன்று நெரிசலாக இருக்கும் ரமணாசிரமம் பகுதி, நூறு வருடங்களுக்கு முன் ஊருக்கு வெளியே கிடந்த காடு. ஆசிரமம் கட்ட வேண்டும் என்று யாரும் திட்டம் போடவில்லை.

திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன், பிற்காலத்து ரமணர், 16 வயதில், 1896 செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலைக்கு வந்தார். மலையிலுள்ள விருபாட்ச குகையில் பல ஆண்டுகள், பிறகு கந்தாசிரமம். அங்கேதான் 1922 மே 19 அன்று தாய் அழகம்மாள் மறைந்தார். முக்தி அடைந்தவர்களை எரிப்பதில்லை என்பது மரபு. மலையின் தென் அடிவாரத்தில், பாலி தீர்த்தத்துக்குப் பக்கத்தில் சமாதி வைத்தார்கள். அதன்மேல் ஓர் ஓலைக் கொட்டகை. தினமும் இறங்கிவந்து பார்த்துக்கொண்டிருந்த மகன், சில மாதங்களில் அங்கேயே தங்கிவிட்டார். அடியார்களும் பின்னாலேயே வந்தார்கள். கொட்டகை இருந்த இடத்தில் எழுந்த மாத்ருபூதேஸ்வரர் கோயிலுக்கு 1949 மார்ச்சில்தான் கும்பாபிஷேகம். அடுத்த ஆண்டு ஏப்ரல் 14 அன்று ரமணர் மறைந்தார்.

வெளிநாட்டுக் கூட்டத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டது பால் பிரண்டன் 1934-ல் வெளியிட்ட புத்தகம். நாவலாசிரியர் சாமர்செட் மாம் 1938-ல் வந்தார். வந்த இடத்தில் மயங்கி விழுந்தார், ரமணரே வந்து அவரைப் பார்த்தார். அந்த மயக்கத்துக்கு வெயிலைத் தவிர வேறு காரணங்களையும் பிற்பாடு பலர் கற்பித்துக்கொண்டார்கள்.

எனக்குப் பிடித்த இடம் பெரிய மண்டபம் இல்லை. பசு லட்சுமி, மான், காகம், நாய் ஆகியவற்றின் சமாதிகள் வரிசையாக இருக்கும் மூலைதான். லட்சுமி 1948 ஜூன் 18 அன்று இறந்தபோது ரமணரே அதற்கு ஒரு நினைவுப் பாட்டு எழுதினார். பழைய ஹாலில் கண்மூடி உட்கார்ந்துவிட்டுக் கிளம்புகிறவர்களில் பலர் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை.

பின்வாசல் வழியாகக் கந்தாசிரமத்துக்குக் கல் பாவிய பாதை ஏறுகிறது. காலையிலேயே ஏறிவிடுங்கள், வெயில் வந்தால் கல் சுடும். பையில் பழம் இருந்தால் குரங்குகள் விடாது. மேலே போனால் கோயிலின் கோபுரங்கள் அத்தனையும் ஒரே பார்வையில் தெரியும்.

பக்கத்திலேயே சேஷாத்ரி சுவாமிகள் ஆசிரமமும், கொஞ்சம் தள்ளி யோகி ராம்சுரத்குமார் ஆசிரமமும் உண்டு. ரமணாசிரமத்தில் நுழைவுக் கட்டணம் கிடையாது. தங்க வேண்டுமென்றால் முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். அமைதியைத் தேடி வருகிறவர்கள் பௌர்ணமியையும் கார்த்திகை தீபத்தையும் தவிர்ப்பது நல்லது. அந்த நாட்களில் செங்கம் சாலையில் நடக்கவே இடம் கிடைக்காது.