துருவோடு ஒரு போராட்டம்: ஒஷாவாவின் குளிரில் பழைய கோல்ஃப் ஜிடிஐ காரை மீட்டெடுத்தல்

டொரன்டோவுக்குக் கிழக்கே, ஒண்டாரியோ ஏரிக்கரையில் அமைந்துள்ள ஒஷாவா நகரம் கனடாவின் மோட்டார் வாகனத் தொழிலோடு பிரிக்க முடியாத தொடர்புடையது. குதிரை வண்டிகளைச் செய்துவந்த மெக்லாஃப்லின் குடும்பம் 1876-இல் தனது பட்டறையை இந்நகருக்குக் கொண்டுவந்தது. 1907-இல் அதே குடும்பம் மோட்டார் கார் நிறுவனம் ஒன்றைத் தொடங்கி, பியூக் எஞ்சின்களைப் பொருத்திய கார்களைத் தயாரிக்க முற்பட்டது. 1918-இல் அது ஜெனரல் மோட்டார்ஸ் ஆஃப் கனடாவாக உருமாறியது. 1937-இல் இங்கு நடந்த வேலைநிறுத்தம் கனேடியத் தொழிற்சங்க வரலாற்றின் திருப்புமுனைகளில் ஒன்றாக இன்றும் கருதப்படுகிறது.

அண்மைய வரலாறு அத்தனை உறுதியானதாக இல்லை. ஒஷாவா ஆலையில் வாகன உற்பத்தியை நிறுத்தப்போவதாக 2018 நவம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் அறிவித்தது. 2019 டிசம்பரில் உற்பத்தி நின்றது. 2021 நவம்பரில் பிக்-அப் டிரக் தயாரிப்புக்காக ஆலை மீண்டும் திறக்கப்பட்டது. அமெரிக்காவின் புதிய இறக்குமதி வரிகளின் பின்னணியில், மூன்று பணிமுறைகள் இரண்டாகக் குறைக்கப்படும் என்ற அறிவிப்பு 2025 மே மாதத்தில் வந்தது. கார் செய்யத் தெரிந்த கைகள் நிறைந்த நகரம், கார் செய்யும் வேலை நிலைக்குமா என்று கேட்டுக்கொண்டிருக்கும் காலம் இது.

ஸ்கார்பரோவில் குடியேறிய ஈழத் தமிழ்க் குடும்பங்களில் பல, கடந்த இருபது ஆண்டுகளில் ஏஜாக்ஸ், விட்பி, ஒஷாவா என்று கிழக்கு நோக்கி நகர்ந்துள்ளன. தொடர்மாடிக் குடியிருப்பில் கிட்டாத ஒன்று இவர்களுக்கு இங்கே கிட்டியிருக்கிறது. அது வீட்டோடு ஒட்டிய ஒரு கராஜ். அங்கே பழைய கார் ஒன்றை வாங்கி நிறுத்தி, வார இறுதிகளில் தாமே மீட்டெடுக்கலாம் என்ற ஆசை பலருக்கும் எழுவது இயல்பே. அந்த ஆசைக்கு அடிக்கடி இலக்காவது, 'ஹாட் ஹேட்ச்பேக்' என்று அழைக்கப்படும் சிறிய, வேகமான கார் வகை.

பின்புறம் மேல்நோக்கித் திறக்கும் கதவைக் கொண்ட சாதாரணக் குடும்பக் காரில், அதன் எடைக்கு மிஞ்சிய ஆற்றலுள்ள எஞ்சினைப் பொருத்தினால் கிடைப்பதே ஹாட் ஹேட்ச்பேக். இவ்வகையில் முதன்மையானது ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ. கோல்ஃபின் விளையாட்டு வடிவம் ஒன்றைச் செய்யவேண்டும் என்ற எண்ணம் நிறுவனத்தின் மேலிடத்திலிருந்து வரவில்லை. அல்ஃபோன்ஸ் லோவன்பெர்க் என்ற பரிசோதனைப் பொறியாளரும் அவருடன் சேர்ந்த சிலரும் 1973 முதல் ஏறக்குறைய மறைவாகவே இதற்காக உழைத்தனர். 1975-இல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் வைக்கப்பட்டு, 1976-இல் விற்பனைக்கு வந்தது. 1.6 லிட்டர் எஞ்சின், 110 குதிரைத்திறன், சுமார் 810 கிலோ எடை. ஐயாயிரம் கார்கள் விற்றால் போதும் என்று கணக்கிட்டார்கள். முதல் தலைமுறையில் மட்டும் நான்கரை லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் விற்றன. வட அமெரிக்கச் சந்தைக்கு பென்சில்வேனியா மாநிலத்தின் வெஸ்ட்மோர்லண்ட் ஆலையில் 1983, 1984 மாதிரிகளாக 'ரேபிட் ஜிடிஐ' தயாரிக்கப்பட்டது. அதன் எஞ்சின் 1.8 லிட்டர், ஆற்றல் 90 குதிரைத்திறன் மட்டுமே.

உப்பு செய்யும் வேலை

இத்தகைய காரை வாங்க நினைப்பவர் முதலில் கேட்கும் கேள்வி, எஞ்சின் எப்படி இருக்கிறது என்பதுதான். ஒண்டாரியோவில் அது இரண்டாவது கேள்வியாக இருக்கவேண்டும்.

கனடாவில் பனிக்காலச் சாலைகளில் ஆண்டுதோறும் சராசரியாகச் சுமார் 50 லட்சம் டன் உப்பு கொட்டப்படுவதாக, மத்திய அரசு 2001-இல் வெளியிட்ட மதிப்பீடு தெரிவித்தது. இதே ஒண்டாரியோ மாகாணத்தின் கோடரிச் நகரில், ஹியூரன் ஏரிக்கு அடியில், உலகின் மிகப் பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கம் இருக்கிறது. உப்பு கலந்த நீர் குறைந்த வெப்பநிலையிலேயே உறைவதால் சாலை வழுக்குவதில்லை, உயிர்கள் காக்கப்படுகின்றன. ஆனால் இரும்பு துருப்பிடிப்பது ஒரு மின்வேதியியல் நிகழ்வு. தகட்டின் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு நுண்ணிய மின்னோட்டம் பாயவேண்டும். உப்புநீர் மின்சாரத்தை நன்கு கடத்துவதால் அந்த ஓட்டம் பலமடங்கு விரைவாகிறது. உப்பு ஈரத்தை ஈர்த்து வைத்துக்கொள்ளவும் செய்கிறது.

பலர் அறியாத ஒன்றும் உண்டு. வெளியே உறைபனியில் நிற்கும் காரைவிட, உப்புச் சேற்றோடு இதமான கராஜுக்குள் நிறுத்தப்படும் கார் விரைவில் துருப்பிடிக்கும். குளிரில் மந்தமாகும் வேதிவினை, சூட்டில் மீண்டும் முடுக்கம் பெறுகிறது. 401-ஆம் நெடுஞ்சாலையில் நாள்தோறும் வேலைக்குச் சென்று திரும்பி, காரைப் பத்திரமாக உள்ளே நிறுத்தியவரின் அக்கறையே அதன் ஆயுளைக் குறைத்திருக்கக்கூடும்.

கோல்ஃப் போன்ற கார்களுக்குத் தனியான அடிச்சட்டம் கிடையாது. தரை, பக்கச் சுவர், கூரை ஆகிய தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டப்பட்டு, அந்தக் கூடே முழுப் பளுவையும் தாங்குகிறது. முதல் தலைமுறைக் கோல்ஃபின் கூடு துத்தநாகப் பூச்சு இன்றித் தயாரானது. கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டி போன்ற பகுதிகள், முன்சக்கர அதிர்வுதாங்கிகளின் மேல்முனை பொருத்தப்படும் இடங்கள், முன்கண்ணாடியின் விளிம்பு, மழைநீர் தேங்கும் தட்டு, தரையின் மூலைகள் ஆகியன முதலில் அரிக்கப்படுகின்றன. வெளியே வண்ணத்தில் சிறு கொப்புளம் தெரிந்தால், உள்ளிருந்து தகடு ஏற்கெனவே தின்னப்பட்டிருக்கும் என்று கொள்வதே பாதுகாப்பு.

இக்காரில் துரு எஞ்சினையும் தேடிவரும். பெட்ரோல் ஊற்றும் குழாய் பின்சக்கரத்துக்கு அருகில் செல்வதால், சக்கரம் வாரி இறைக்கும் உப்புநீரால் அது அரிக்கப்படுகிறது. துருத்துகள்கள் தொட்டிக்குள் விழுகின்றன. அங்கிருந்து எரிபொருளோடு பயணப்பட்டு, போஷ் நிறுவனத்தின் கே-ஜெட்ரானிக் எனப்படும் எரிபொருள் செலுத்தும் அமைப்பை அடைகின்றன. இவ்வமைப்பு அடிப்படையில் இயந்திர வகையைச் சேர்ந்தது. உள்ளே வரும் காற்று ஒரு வட்டத் தகட்டை உயர்த்துகிறது. அத்தகடு ஒரு சிறு தண்டை நகர்த்துகிறது. தண்டு நகரும் அளவுக்கு நுண்ணிய பிளவுகள் வழியே பெட்ரோல் பகிர்ந்தளிக்கப்படுகிறது. அந்தப் பிளவுகளில் துருத்துகள் அடைத்தால் கார் தடுமாறும். அனுபவமற்றவர் தீப்பொறிச் செருகிகளை மாற்றுவார், மின்கம்பிகளை மாற்றுவார், மாதக்கணக்கில் அலைவார். நோய் இருக்கும் இடமோ பின்சக்கரத்தின் மேலே. எனவே தொட்டியையும் குழாயையும் சரிசெய்யாமல் விலையுயர்ந்த எரிபொருள் பகிர்வியைப் புதுப்பிப்பது வீண்செலவு.

கராஜுக்குள் நடக்கும் வேலை

துருப்பிடித்த பகுதியை நல்ல இரும்பு தென்படும்வரை வெட்டி எடுத்து, புதிய தகட்டை வெல்டிங் செய்து பொருத்தவேண்டும். துருவின் மேல் பசையைப் பூசி வண்ணம் அடிப்பது விற்பவரின் தந்திரம், மீட்டெடுப்பு அல்ல. தகட்டின் கனம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. தொடர்ச்சியாக வெல்டிங் செய்தால் சூட்டில் அது நெளிந்துவிடும். ஆகவே ஒரு புள்ளி இங்கே, ஒரு புள்ளி அங்கே என்று வைத்து, ஆறவிட்டு இடைவெளிகளை நிரப்பவேண்டும். பொறுமையற்றவர்களுக்கான பணி அல்ல இது.

கதவடிப் பெட்டிகளை வெட்டும்போது கூடு தொய்ந்துவிடும் அபாயம் உண்டு. வாசல் இடைவெளியில் குறுக்குக் குழாய்களைத் தற்காலிகமாகப் பொருத்தி, ஒரு பக்கத்தை முடித்த பின்னரே மறுபக்கத்தைத் தொடவேண்டும். அவ்வாறு செய்யாதவர், எல்லாம் முடிந்தபின் கதவு மூடவில்லை என்பதைக் கண்டறிவார். வேலை முடிந்ததும் மூடிய குழிவுகளுக்குள் மெழுகு தெளிப்பது, வெளியே வண்ணம் அடிப்பதைவிட முக்கியம் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

இந்த வேலையில் உயிராபத்தும் உண்டு. எரிபொருள் தொட்டியையும் குழாய்களையும் கழற்றி வெளியே வைக்காமல் வெல்டிங் செய்யக்கூடாது. ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் படுக்கக்கூடாது. உறுதியான தாங்கிகள் வேண்டும். துத்தநாகம் பூசிய தகட்டை வெல்டிங் செய்யும்போது எழும் புகை காய்ச்சலை உண்டாக்கும். இருகூறு வண்ணங்களில் உள்ள ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் நிரந்தர ஆஸ்துமாவுக்குக் காரணமாகலாம். சாதாரண முகக்கவசம் அதைத் தடுக்காது. வீட்டோடு ஒட்டிய கராஜில் எஞ்சினை ஓடவிட்டால் கார்பன் மோனாக்சைடு மணமின்றி உறங்கும் அறைகளுக்குள் புகுந்துவிடும்.

உதிரிப்பாகங்களைப் பொறுத்தவரை, ஐம்பது ஆண்டுப் பழைமையுள்ள இக்காருக்கு ஓர் அதிர்ஷ்டம் வாய்த்தது. ஐரோப்பாவில் முதல் தலைமுறைக் கோல்ஃப் ஓய்ந்த பின்னரும், தென்னாப்பிரிக்காவின் உய்டென்ஹாகே ஆலையில் 'சிட்டி கோல்ஃப்' என்ற பெயரில் அதே உருவம் 2009 வரை தயாரிக்கப்பட்டது. அதனால் பல பாகங்களின் உற்பத்தி கால் நூற்றாண்டு கூடுதலாக நீடித்தது. அதே காலத்தின் வேறு பல வேகமான சிறு கார்களுக்கு இந்த வாய்ப்புக் கிட்டவில்லை. அவற்றின் ஒரு விளக்குக் கண்ணாடிக்காகவும் உலகெங்கும் தேடவேண்டியுள்ளது.

சட்டமும் ஓரளவு சாதகமாகவே உள்ளது. 15 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வாகனங்களுக்குக் கனடாவின் வாகனப் பாதுகாப்புத் தர விதிகளிலிருந்து இறக்குமதி விலக்கு உண்டு. அமெரிக்காவில் இதற்கு 25 ஆண்டுகள் காத்திருக்கவேண்டும். எனவே உப்பு படாத நாடொன்றிலிருந்து நல்ல கூட்டைத் தருவிப்பது பல சமயங்களில் உள்ளூர் துருவை வெட்டுவதைவிட அறிவார்ந்த செயல். ஆனால் அக்காரின் அடியில் ஒட்டியுள்ள வெளிநாட்டு மண் முழுவதும் கழுவப்பட்டிருக்க வேண்டும் என்பதில் கனேடிய உணவு ஆய்வு முகமை கண்டிப்பாக உள்ளது. ஒண்டாரியோவில் பயன்படுத்திய காரைச் சாலைக்குத் தகுதியானதாகப் பதிவு செய்யப் பாதுகாப்புச் சான்றிதழ் தேவை. கூட்டைத் தாங்கும் பகுதிகளில் துருவோட்டை இருந்தால் அது கிடைக்காது. 30 ஆண்டுகள் கடந்து, பெரும்பாலும் ஆதி வடிவிலேயே உள்ள வாகனத்துக்கு வரலாற்று வாகன எண்தகடு பெறலாம். ஆயினும் கண்காட்சி, அணிவகுப்பு, வாகனச் சங்கப் பயணம் போன்றவற்றுக்கே அது பயன்படும். அலுவலகம் செல்ல அல்ல.

புரிந்துகொள்ளக்கூடிய இயந்திரம்

ஈழத் தமிழ் வாசகர்களுக்கு இவை எல்லாம் முற்றிலும் புதியன அல்ல. 1990-இல் போர் மீண்டும் மூண்டபின், யாழ்ப்பாணக் குடாநாட்டின் மீது அரசு விதித்த பொருளாதாரத் தடையால் பெட்ரோல் அரிதாயிற்று. மொரிஸ் மைனர், ஒஸ்டின் போன்ற பழைய பிரித்தானியக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெட்ரோலில் எஞ்சினைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்தப் புகையின் மணத்தை அக்காலத்தில் அங்கே வாழ்ந்தவர்கள் மறந்திருக்க முடியாது.

அது சாத்தியமானதற்குத் தொழில்நுட்பக் காரணம் உண்டு. அந்த எஞ்சின்களின் அழுத்த விகிதம் குறைவு. எரிபொருளைக் கலக்கும் கார்புரேட்டர் எளியது. 9.5-க்கு 1 என்ற அழுத்த விகிதமும் துல்லியமான எரிபொருள் செலுத்தலும் கொண்ட ஜிடிஐ எஞ்சின் மண்ணெண்ணெயை ஏற்காது. இருந்தபோதிலும் ஒரு விடயத்தில் அது மொரிஸ் மைனரின் உறவினன்தான். அதன் ஒவ்வொரு பாகமும் என்ன செய்கிறது என்பதைத் தனிமனிதர் ஒருவர் கண்ணால் பார்த்து, கையால் தொட்டு அறிய முடியும்.

1,400 கிலோவைத் தாண்டிவிட்ட இன்றைய ஜிடிஐ அப்படிப்பட்டதல்ல. வட அமெரிக்காவில் அதன் கையால் மாற்றும் கியர் 2024 மாதிரியோடு முடிவுக்கு வந்தது. கோளாற்றை அறிவதற்கே கணினி இணைப்பும் நிறுவனத்தின் மென்பொருளும் வேண்டும். டிஜிட்டல் பூட்டுகளைப் பழுதுபார்ப்புக்காகத் திறப்பதைப் பதிப்புரிமை மீறலாகக் கருதலாகாது என்ற திருத்தத்தைக் கனேடிய நாடாளுமன்றம் நிறைவேற்றி, அது 2024 நவம்பரில் சட்டமாயிற்று. பூட்டைத் திறக்க உரிமை கிடைத்துவிட்டது. திறக்கும் கருவியைத் தரவேண்டும் என்ற கட்டாயம் அச்சட்டத்தில் இல்லை. ஒஷாவாவில் இன்று தயாராகும் டிரக்குகளை நாற்பது ஆண்டுகள் கழித்து யாராவது தம் கராஜில் மீட்டெடுப்பார்களா என்பது இயந்திரவியல் கேள்வியாக மட்டும் இருக்கப்போவதில்லை.

பணக்கணக்குப் பார்த்தால், வீட்டில் மீட்டெடுத்த காரை விற்று, போட்ட பணத்தையும் செலவிட்ட நேரத்தின் கூலியையும் சேர்த்து மீட்பவர் மிகச் சிலரே. ஆகவே முதலில் இதை ஒரு முதலீடு என்று வீட்டாரிடம் சொல்லாமலிருப்பது நல்லது. அடுத்து, நாட்காட்டியைப் பார்க்கவேண்டும். தகடு வெட்டுவதையும் எஞ்சினைப் பிரிப்பதையும் குளிர்காலத்தில் செய்யலாம். ஆனால் பெரும்பாலான வண்ணங்கள் சுமார் 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சரியாக இறுகுவதில்லை. சூடேற்றி இல்லாத ஒஷாவா கராஜில் அக்டோபருக்குள் வண்ணம் அடிக்காதவர், கூட்டுக்கு அடிப்பூச்சைப் பூசி, துணியால் மூடி, மே மாதம் வரை காத்திருக்க வேண்டும்.