கோழிக்குக் கால் சில்லிடலாம்

கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். மார்கழி பிறந்ததிலிருந்து அவர் வீட்டு நாட்டுக்கோழிகளின் கால் ஐஸ் மாதிரி சில்லென்று இருக்கிறதாம். மனசு கேட்காமல் பழைய கம்பளி சாக்ஸை வெட்டித் தைத்து மாட்டிவிட்டிருக்கிறார். ஒரு வாரத்தில் ஒரு பெட்டை நொண்ட ஆரம்பித்துவிட்டது. “குளிர் தாங்கலையா சார்?” என்று கேட்டிருந்தார்.

குளிரைத் தாங்கும் அம்மா. சாக்ஸைத்தான் தாங்கவில்லை.

கோழியின் உடம்புச் சூடு 41 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். நமக்கு அந்தச் சூடு வந்தால் படுக்கையில் கிடப்போம். அப்படிக் கொதிக்கிற உடம்பு, இறகே இல்லாத இரண்டு குச்சிக்கால்களில் பனியில் நிற்கிறது. சூடு ஏன் கால் வழியாக ஒழுகிப் போய்விடுவதில்லை?

பல வருடங்களுக்கு முன் அண்ணனும் நானும் உதகையில் ஒரு கடையில் வாரம் மாற்றி வாரம் வேலை பார்த்தோம். இருவருக்கும் சேர்த்து ஒரே ஸ்வெட்டர். முறை முடிந்து அண்ணன் இறங்கி வருவார். மேட்டுப்பாளையம் பஸ் நிலையத்தில் கழற்றிக் கொடுப்பார். அதைப் போட்டுக்கொண்டு நான் ஏறுவேன். அந்த ஸ்வெட்டர் கடைசிவரை எங்கள் ஊரைப் பார்க்கவே இல்லை.

பறவைக் காலுக்குள்ளும் இதே ஏற்பாடுதான். சூடான ரத்தத்தைக் கீழே கொண்டுபோகும் தமனியும், ஆறிப்போன ரத்தத்தை மேலே கொண்டுவரும் சிரையும் ஒட்டி ஒட்டி ஓடுகின்றன. இறங்குகிற ரத்தம் தன் சூட்டை ஏறுகிற ரத்தத்திடம் கழற்றிக் கொடுத்துவிட்டுத்தான் பாதத்துக்குப் போகிறது. பெரும்பங்கு சூடு உடம்பிலேயே தங்கிவிடும். பாதத்துக்குக் கிடைப்பது, உறையாமல் இருக்கப் போதுமான அளவு மட்டும். சூடு கேட்கும் தசையெல்லாம் மேலே தொடையில், இறகுக்குள். கீழே இருப்பது பெரும்பாலும் எலும்பும் நாணும் செதிலும். அதற்கு மேலும் குளிர்ந்தால் ஒரு காலை வயிற்றிறகுக்குள் இழுத்துக்கொள்ளும்.

அதனால் கால் சில்லென்று இருந்தால் பயப்பட வேண்டாம். சுட்டால்தான் பயப்பட வேண்டும்.

வாசகியின் பெட்டையைத் திருப்பிப் பார்க்கச் சொன்னேன். பாதத்தின் நடுவில் மிளகளவு கறுப்புப் பொருக்கு, சுற்றிலும் வீக்கம், தொட்டால் சூடு. நம் கால் ஆணி மாதிரி தெரியும், ஆனால் இது சீழ்க்கட்டி. சின்னக் கீறல் வழியே ஸ்டேஃபிலோகாக்கஸ் என்ற கிருமி உள்ளே போய்விடுகிறது. ஈரத்தில் ஊறிய தோல் சீக்கிரம் கீறும். நனைந்த கம்பளி அந்த ஊறலைத்தான் செய்திருக்கும். ஆரம்பநிலை என்றால், கையுறை போட்டுக்கொண்டு வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் பாதத்தை ஊறவைத்துத் துடைத்து, போவிடோன் அயோடின் தடவித் துணிக்கட்டுப் போடலாம். காயும்வரை உலர்ந்த உமிமேல் தனியே விட வேண்டும். பிளேடை எடுத்துத் தோண்டாதீர்கள். அது கால்நடை மருத்துவர் வேலை.

கால் செதில்கள் தூக்கிக்கொண்டு, சுண்ணாம்பு பூசின மாதிரி வெளுத்துச் சொரசொரப்பாக இருந்தால் அது வேறு. அரை மில்லிமீட்டர்கூட வராத ஒரு செள்ளு செதிலுக்கடியில் வளை தோண்டிக் குடியிருக்கிறது. வெந்நீரில் நனைத்து, பழைய பல் பிரஷ்ஷால் மெல்லத் தேய்த்து, தேங்காயெண்ணெயோ வாசலினோ அப்ப வேண்டும். செள்ளு மூச்சு முட்டிச் சாகும். சில வாரங்கள் விடாமல், கூண்டில் உள்ள அத்தனை கோழிக்கும் செய்ய வேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றுகிறவர்களை இன்றும் பார்க்கிறேன். செள்ளோடு சேர்ந்து தோலும் வெந்துபோகும்.

உறைபனி விழும் இடங்களில் விரல் நுனி வெளுத்துப் பிறகு கறுத்தால் அது பனிப்புண். தேய்க்கவும் கூடாது, அடுப்பருகே காட்டவும் கூடாது; வெதுவெதுப்பான தண்ணீரில் மெல்லச் சூடேற்றி மருத்துவரிடம் கொண்டுபோங்கள். பாதம் சுத்தமாக இருந்தும் ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னும் நீட்டிக் கிடந்தால், அது நரம்பைத் தாக்கும் மேரக் நோயாக இருக்கலாம். எண்ணெய்க்கும் கட்டுக்கும் அங்கே வேலை இல்லை.

கோழிக்காலை நாம் எப்போது கையில் எடுக்கிறோம்? சந்தையில், கயிற்றால் கட்டித் தலைகீழாகத் தூக்கும்போது. அந்தக் கயிறு அறுத்த இடத்தில் தொடங்கிய புண்களையே எத்தனையோ பார்த்திருக்கிறேன். வீட்டுக்கு வந்தபின் முட்டையை எண்ணுவோம், கொண்டையின் நிறத்தைப் பார்ப்போம், பாதத்தைத் திருப்பிப் பார்க்க மாட்டோம். மொட்டை மாடி சிமென்ட்டில் விடுவோம், கம்பி வலைமேல் நிற்க வைப்போம், மூன்று மாதம் கூளம் மாற்ற மாட்டோம். நொண்டினால் மருந்துக்கடையில் மனிதர் மாத்திரை வாங்கி இரண்டாக உடைத்துப் போடுவோம். அந்த மருந்தின் மிச்சம் முட்டையில் வரும். சாப்பிடுவது நம் பிள்ளைகள்.

வாசகி சாக்ஸைக் கழற்றிவிட்டார். ஈரக் கூளத்தை அள்ளிக் கொட்டி உமி பரப்பினார். மெல்லிய மூங்கில் கழியை எடுத்துவிட்டு நாலு விரற்கடை அகலப் பலகையைத் தாழ்வாகக் கட்டினார். தட்டையான பலகையில் உட்கார்ந்தால் வயிற்றிறகு விரல்களை முழுக்க மூடிக்கொள்ளும். கம்பளியைவிட நல்ல போர்வை அது.

நீங்களும் இன்று கோழி அடைந்தபின் டார்ச்சோடு போங்கள். தூக்கக் கலக்கத்தில் அடம்பிடிக்காது. ஒவ்வொன்றாகத் தூக்கி, உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள்.