புற்றுநோயாளியின் நலத்தை அளக்கும் வினாத்தாள்

புற்றுநோய் மருந்துகளைச் சோதிக்கும்போது, கட்டி எவ்வளவு சுருங்கியது, நோயாளி எத்தனை மாதம் உயிரோடிருந்தார் என்பவையே நெடுங்காலம் முதன்மையாகக் கணிக்கப்பட்டன. அம்மாதங்கள் எவ்வாறு கழிந்தன என்பது பின்னரே ஆராய்ச்சிக்குரிய பொருளாயிற்று. 1940-களின் இறுதியில் அமெரிக்க டாக்டர் கார்னோஃப்ஸ்கி 0 முதல் 100 வரையுள்ள ஓர் அளவையை வகுத்தார். எனினும் அதில் மதிப்பெண் இட்டவர் டாக்டரேயன்றி நோயாளி அல்லர்.

1993-ல் ஐரோப்பியப் புற்றுநோய் ஆராய்ச்சி, சிகிச்சை நிறுவனத்தின் 30 வினாக்கள் கொண்ட தாள் வெளியாயிற்று. நடை, களைப்பு, வலி, குமட்டல், உறக்கம், மனக்கவலை, பணமுடை ஆகியவற்றில் தம் நிலை எவ்வாறிருந்தது என்பதை இதில் நோயாளியே குறிக்கிறார். விடைகள் 0-100 அளவைக்கு மாற்றப்படும். சராசரியில் 10 புள்ளி வேறுபாடு, நோயாளி உணரத்தக்க மாற்றமெனப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. முதல் வினா, கனத்த கடைப்பையையோ பெட்டியையோ சுமப்பது போன்ற கடினமான வேலைகளைப் பற்றியது. நம் கிராமத்தாருக்குத் தண்ணீர்க்குடமே பொருத்தமாயிருக்கும். ஆயினும் மொழிபெயர்ப்பாளர் தம் விருப்பப்படி அதை மாற்றிவிட இயலாது. இருவர் தனித்தனியே மொழிபெயர்த்து, வேறு சிலர் மூலமொழிக்குத் திருப்பி, நோயாளிகளிடம் சோதித்த பிறகே தாள் ஏற்கப்படும்.

திருவனந்தபுரம் பிராந்தியப் புற்றுநோய் மையத்தின் ஆய்வாளர்கள், மார்பகப் புற்றுநோய்க்கான 'ஃபேக்ட்-பி' என்னும் மற்றொரு தாளின் மலையாள வடிவத்தைச் சோதித்து, 2002-ல் முடிவுகளை வெளியிட்டனர். ஆனால் அந்நகருக்குத் தெற்கேயுள்ள பகுதியில் மலையாளம் மட்டும் போதுமா என்பது வேறு வினா. 1956 நவம்பர் 1-ஆம் தேதி தென் திருவிதாங்கூரின் நான்கு தாலுகாக்கள் சென்னை இராஜ்யத்துடன் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அத்தாலுகாவிலும், பாறசாலையை அடுத்த எல்லைக் கிராமங்களிலும், வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமும் பயின்றவர்கள் உளர்.

இத்தகைய ஒருவர் 'சங்கடம்' என்றால் என்ன கொள்வது? மலையாளத்தில் அது துயரம். தமிழில் பெரும்பாலும் உடலின் அசௌகரியம், அல்லது தர்மசங்கடம். ஒன்று மனநிலைக் கணக்கிலும் மற்றது உடல்நிலைக் கணக்கிலும் சேரும். அவ்வாறே 'க்ஷீணம்' மலையாளத்தாருக்குச் சாதாரணக் களைப்பு. ஏட்டுத் தமிழில் அது தேய்வு, நலிவு. ஆகவே எழுதப் படிக்கத் தெரிந்த மொழியைக் கேட்டால் மட்டும் போதாது. நோவை எம்மொழியில் சொல்வார் என்றும் கேட்க வேண்டும். சோதனை தொடங்கிய மொழியிலேயே இறுதிவரை தாள் தரப்பட வேண்டும்.

வினாத்தாளில் அடங்காதவையும் உண்டு. 422 நோயாளிகளைக் கொண்டு மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை நடத்திய, தலை-கழுத்துப் புற்றுநோய் பற்றிய ஆய்வு 2020-ல் வெளியாயிற்று. மூன்று வாரத்திற்கொருமுறை நரம்பு வழியே சிஸ்பிளாட்டின் பெற்றோரின் இடைநிலை ஆயுள் 6.1 மாதம், வாய்வழி மெதோட்ரெக்ஸேட்டும் செலிகாக்ஸிபும் உட்கொண்டோருக்கு 7.5 மாதம். கடுமையான பக்கவிளைவுகள் முறையே 30, 19 சதவீதம். வீட்டிலேயே மாத்திரை உண்பதால் மிஞ்சும் பிரயாணத்தை அந்த 30 வினாக்களில் ஒன்றும் நேராகக் கேட்பதில்லை.

தாளை டாக்டரைக் காணுமுன் நிரப்புவதே நன்று. நற்செய்தியும் துர்ச்செய்தியும் விடையை மாற்றிவிடும். உறவினர் பதில் சொல்ல இடங்கொடுக்கலாகாது. எழுத்தறியாதவருக்கு ஊழியர் படித்துக் காட்டலாம். விளக்கம் கூறி விடையைத் தூண்டலாகாது. மிகவும் நலிந்தோர் வராமற்போனால், எஞ்சியோரின் சராசரி உயர்ந்து, மருந்து நலம் தந்தது போன்ற பொய்த்தோற்றம் உண்டாகும். எனவே வராதவர் ஒவ்வொருவருக்கும் காரணத்தைத் தேதியுடன் பதிவேட்டில் குறிக்க வேண்டும்.