எட்டு ஆண்டுகளுக்குப் பின்

காதற்கதை என்றவுடன் முகஞ்சுளிக்கும் தேசத் தொண்டர்கள் நம்மிடையே பலர் உளர். பொதுக்காரியங்களில் ஈடுபட்டவனுக்குச் சரித்திரமும் அரசியல் நூல்களுமே போதும். கல்யாணத்தில் முடியும் கதைகள் பொழுது போகாதவர்களுக்கு உரியவை என்பது அவர்கள் அபிப்பிராயம். நாம் அதனை ஒப்புவதற்கில்லை. இந்நாளில் ஆங்கிலத்தில் ஒருவகைக் கதைகள் மலிந்து கிடக்கின்றன. பட்டணத்தில் மனமுடைந்த பெண்ணொருத்தி சிற்றூர் ஒன்றுக்கு வந்து, ரொட்டிக் கடையோ புத்தகக் கடையோ வைத்து வாழ்வைப் புதிதாகத் தொடங்குவாள். அவ்வூரான் ஒருவனிடம் அவளுக்கு மெல்ல மெல்ல அன்பு அரும்பும். ஊரார் அனைவரும் அதனை வேடிக்கை பார்ப்பர். இவற்றுள் பெரும்பாலானவை படித்த மறுநாளே மறந்துவிடத் தக்கவை. எனினும் இத்தகைய கதைக்குள் எவ்வளவு ஆழம் அடங்கக்கூடும் என்பதை அறிய விரும்புவோர், இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஜேன் ஆஸ்டின் அம்மையார் இயற்றிய ‘பர்சுவேஷன்’ என்னும் நாவலைப் படித்தல் வேண்டும். பிறரைத் தம் சொல்லுக்கு இணங்கச் செய்தல் என்பது அத்தலைப்பின் பொருள்.

அம்மையார் எழுதி முடித்த கடைசி நாவல் இது. 1815-ஆம் வருஷம் ஆகஸ்டில் தொடங்கி, மறு வருஷம் ஆகஸ்டில் முடித்தார். 1817 ஜூலை 18-ந் தேதி, தமது 41-வது வயதில், வின்செஸ்டர் நகரில் காலஞ்சென்றார். நூல் அச்சில் வந்தது அவ்வருஷக் கடைசியிலேதான். அவர் உயிரோடிருந்தவரையில் அவருடைய எந்த நூலின் முகப்பிலும் அவர் பெயர் பொறிக்கப்பட்டதில்லை. இந்நூலோடு சேர்த்து அச்சிடப்பட்ட குறிப்பிலே சகோதரர் ஹென்றி எழுதிய பிறகே, ஆசிரியர் இன்னார் என்பது வாசக உலகத்திற்குப் பகிரங்கமாயிற்று.

கதை சோமர்செட் ஜில்லாவில் தொடங்குகின்றது. சர் வால்ட்டர் எலியட் என்னும் பிரபு, தம் குலப்பெருமை அச்சிடப்பட்டுள்ள ஒரே புத்தகத்தைத் தவிர வேறெதனையும் விரும்பிப் படியாதவர். வரவுக்கு மீறிய செலவால் கடனாளியாகித் தமது மாளிகையையே வாடகைக்கு விடுகின்றார். அவருடைய இரண்டாம் மகள் ஆன் எலியட். தாயை இழந்தவள், அறிவும் அடக்கமும் உடையவள், வீட்டில் அவள் சொல்லுக்கு மதிப்பேயில்லை. தனது 19-வது வயதில், 1806-ல், பிரெடரிக் வென்ட்வொர்த் என்னும் கப்பற்படை இளைஞனுக்கு வாக்குக் கொடுத்தாள். அவனுக்கோ அப்போது செல்வமில்லை, செல்வாக்குமில்லை. தாயின் ஸ்தானத்திலிருந்து அவளை வளர்த்த லேடி ரஸ்ஸல் வேண்டாமென்று தடுத்தார். அவன் நன்மைக்காகவே விலகுகின்றோம் என்று எண்ணி, அவள் வாக்கை மீட்டுக்கொண்டாள். அவன் மனம் புண்பட்டு ஊரை விட்டகன்றான். எட்டு ஆண்டு கழித்து அவன் காப்டனாகவும் 25,000 பவுன் உடையவனாகவும் திரும்பி வருகின்றான். மாளிகையை வாடகைக்கு எடுத்த தளபதி கிராஃப்டின் மனைவி அவனுடைய தமக்கை. ஆகவே, விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் இருவரும் அடிக்கடி ஒரே கூடத்தில் அமர வேண்டியதாகின்றது.

இதன் பின்னர் நூலாசிரியர் காட்டும் பொறுமை வியக்கத்தக்கது. காதலர் இருவரும் பழைய விஷயத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசுவதில்லை. அவளுடைய தங்கையின் குழந்தை அவள் முதுகில் தொற்றிக்கொண்டு தொல்லை செய்யும்போது, அவன் மௌனமாக வந்து குழந்தையை எடுத்துவிடுகின்றான். நெடுந்தூரம் நடந்து அவள் களைத்திருப்பதைக் கவனித்து, தமக்கையின் வண்டியில் அவளை ஏற்றி விடுகின்றான். ஏற்றியவன் இன்னமும் அவளை மன்னிக்கவில்லை. ஆயினும் அவள் துன்புறுவதைப் பார்த்துக்கொண்டிருக்க அவனால் இயலவில்லை. சிற்றூர் வாழ்க்கையில் விருந்தும் நடையும் வம்பும் தவிர வேறென்ன இருக்கின்றது என்போர் இக்காட்சிகளைப் படிக்கட்டும். நாலு பேர் நடுவில், வாய் திறவாமல், இருவர் மனம் மாறுவதை இதனினும் நுட்பமாக எழுதியவர் மிகச் சிலரே.

அடுத்து லைம் என்னும் கடற்கரையூர். எவர் சொல்லுக்கும் வளையாத உறுதியே சிறந்த குணமென்று காப்டன் இதற்கு முன்பே லூயிஸா என்னும் இளம்பெண்ணுக்கு உபதேசித்திருக்கின்றான். ஆனை மனத்தில் வைத்துச் சொல்லிய உபதேசம் அது. அந்தப் பெண் அவ்வூர்க் கடற்சுவரின் படியிலிருந்து குதிப்பேன் என்கின்றாள். வேண்டாமென்று அவனே தடுத்தும் கேளாமல் குதித்து, தலை அடிபட்டு மூர்ச்சையாகின்றாள். வீரர்களெல்லாம் கலங்கி நிற்கையில், வைத்தியரை அழைக்க யார் போவது, அவளை எங்கே கொண்டு போவது என்று நிதானமாகச் சொல்பவள் ஆன் ஒருத்தியே. பிடிவாதம் வேறு, மனத்திண்மை வேறு என்பதை அவன் அன்று கற்றுக்கொள்கின்றான். நமது ஊழியர்களுக்கும் இவ்விடம் மிகவும் பொருந்தும் எனச் சொல்லிவைக்கின்றோம்.

முடிவுக் காட்சி பாத் நகரத்தில் நிகழ்கின்றது. அம்மையார் முதலில் வேறொரு முடிவை எழுதினார். அது திருப்தியளியாமையால் அதனைத் தள்ளிவிட்டுப் புதிதாக எழுதினார். தள்ளப்பட்ட இரண்டு அத்தியாயங்களின் கையெழுத்துப் பிரதி பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளது. புதிய முடிவில், காப்டன் ஒரு மேஜையில் கடிதம் எழுதிக்கொண்டிருக்க, அண்மையில் ஆன் அவனுடைய நண்பரோடு வாதாடுகின்றாள்: அன்பில் நிலைத்து நிற்பவர் ஆடவரா, பெண்டிரா? பெண்களின் நிலையின்மைக்குப் புத்தகங்களெல்லாம் சாட்சி என்று நண்பர் கூற, அவற்றை எழுதியவர் ஆடவரே ஆதலால் அந்தச் சாட்சியம் செல்லாதென்று அவள் மறுக்கின்றாள். கோர்ட்டில் பழகிய எவரும் அவ்வாதத்தின் கூர்மையை மெச்சுவர். கேட்டுக்கொண்டே காப்டன் தன் உள்ளத்தை ஒரு தாளில் கொட்டி அவளிடம் சேர்ப்பிக்கின்றான்.

ஆனால் நம்மைப் பெரிதும் சிந்திக்கச் செய்தது அதற்கும் பின்னர் வருவது. முன்பு லேடி ரஸ்ஸலுக்கு இணங்கியது தவறா என்று ஆன் தன்னைத்தானே விசாரிக்கின்றாள். ஆலோசனை பிழையாக இருக்கலாம். தாயின் ஸ்தானத்திலிருந்தவருக்குக் கட்டுப்பட்டது பிழையன்று. ஆனால் அதுபோன்ற ஆலோசனையை நான் பிறர்க்கு ஒருநாளும் சொல்லமாட்டேன் என்பது அவள் தீர்ப்பு. சத்தியாக்கிரகத்தைப் போற்றும் வாசகர்களுக்கு இது கசக்கலாம். நமக்கும் முழுச் சம்மதமில்லை. இணங்கிய 19 வயதுப் பெண்ணைக் குற்றஞ்சாட்டுவது நியாயமன்று என்பது சரியே. ஆனால் பிறர் வாழ்வில் தலையிட்டு ‘வேண்டாம்’ என்ற பெரியவர், எட்டு ஆண்டுகளை அவளுக்குத் திருப்பிக் கொடுக்க வல்லவரா? நம் வீடுகளிலும் இத்தகைய நல்லெண்ணத்தினால் எத்தனை உள்ளங்கள் வாடியிருக்கின்றன! லேடி ரஸ்ஸல் தாம் முற்றிலும் தவறியதை ஒப்புக்கொண்டே ஆகவேண்டும் என்று ஆசிரியரும் விதிக்கின்றார். காப்டனும் தப்பவில்லை. 1808-லேயே சிறிது பொருளோடு திரும்பினேனே, அப்போது எழுதியிருந்தால் இசைந்திருப்பாயா என்று கேட்கின்றான், இசைந்திருப்பேன் என்கின்றாள். ஆறு ஆண்டுகளைத் தின்றது அவனது கர்வமே.

அவன் செல்வம் எப்படி வந்தது என்பதையும் நாம் மறக்கலாகாது. யுத்தத்தில் பகைவர் கப்பல்களைப் பிடித்ததற்குக் கிடைத்த பங்கு அது. ஆஸ்டின் அம்மையாரின் சகோதரர் இருவர் அதே கப்பற்படையில் உத்தியோகம் வகித்தனர். அவர்களுள் சார்லஸ் என்பவர் 1852-ல் பர்மாவின் மேல் பிரிட்டிஷார் தொடுத்த யுத்தத்தில், ஐராவதி நதியில் நோயுற்று மாண்டார். அவரது கல்லறை திரிகோணமலையில் இருக்கின்றது. அம்மையார் இவற்றைக் காண உயிரோடில்லை. பரம்பரைச் சொத்தைத் தின்று கொழுக்கும் பிரபுவைவிட உழைத்து உயர்ந்தவனே மேல் என்பது அவர் கட்சி. அவ்வுழைப்பு எந்தெந்த நாட்டுக் கரைகளைத் தொட்டதென்று அவர் இந்நூலில் வினவவில்லை.

ஆனுக்கு மாளிகையுமில்லை, நிலமுமில்லை. கப்பற்காரன் மனைவி என்ற பதவி ஒன்றே கிடைக்கின்றது. யுத்தம் மீண்டும் மூளுமோ என்ற அச்சம் மட்டுமே அவள் இன்பத்தில் நிழல் என்கின்றார் ஆசிரியர். கதை முடிவது 1815-ஆம் வருஷத் தொடக்கத்தில். அவ்வருஷம் மார்ச்சு மாதம் நெப்போலியன் எல்பாத் தீவிலிருந்து தப்பிப் பிரான்ஸில் வந்திறங்கினான்.