சிறு பெட்டியும் பெரு நாதமும்

பெங்களூரில் வாழும் தமிழர்களுள் பிரேசர் டவுனை அறியாதார் மிகச் சிலரே. 1898-ஆம் ஆண்டில் அந்நகரைப் பிளேக் நோய் வாட்டிய பின்னர், காற்றும் வெளிச்சமும் தாராளமாகப் புகும் குடியிருப்பு ஒன்று வேண்டும் எனத் திட்டமிட்டு, 1910-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட பகுதி அது. புலிகேசி நகர் என்று பெயர் மாற்றப்பட்ட பின்னரும் மக்கள் நாவில் பழைய பெயரே நிலைத்துவிட்டது. 1809-இல் கண்டோன்மெண்ட் அமைந்த நாள்தொட்டுச் சென்னை மாகாணத்திலிருந்து வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் வழித்தோன்றல்களையும், நேற்று வேலைக்கு வந்த இளைஞர்களையும், அங்கே ஒரே தெருவில் காணலாம்.

இத்தகைய குடும்பம் ஒன்றை மனத்தில் கொள்வோம். வீட்டில் ஒரு சிறு கார் இருக்கிறது. பொங்கலுக்கு ஓசூர் வழியாகச் சொந்த ஊர் செல்வதற்கும் அதுவே. திரும்பும்போது அரிசி, தேங்காய், புளி ஆகியவற்றைச் சுமந்து வருவதற்கும் அதுவே. அந்த வீட்டு மகனுக்கோ சங்கீதத்தில் பற்று மிகுதி. தவிலின் முழக்கமும் மிருதங்கத் தொப்பியின் கும்காரமும் காரில் உள்ள சிறு ஒலிபெருக்கியில் எழவில்லையே என்பது அவனது குறை. ஆகவே டிக்கியில் சப்வூபர் ஒன்றை வைக்க விரும்புகிறான். “வைத்துக்கொள், தம்பி, ஆனால் ஊரிலிருந்து வரும் அரிசி மூட்டையை யார் மடியில் வைப்பது?” என்று தாயார் கேட்கிறார். இரண்டு நியாயங்களும் சரியானவையே. இவ்விரண்டையும் இணங்கச் செய்யும் வழி உண்டா என்பதை இங்கே ஆராய்வோம்.

சப்வூபர் என்பது தாழ்ந்த சுருதிகளை, அதாவது வினாடிக்கு ஏறத்தாழ 20 முதல் 100 வரையிலான அதிர்வுகளை, எழுப்புவதற்கென்றே அமைந்த ஒலிபெருக்கி. தாழ்ந்த சுருதி எழ வேண்டுமாயின் அதிரும் பொருள் கனமாகவோ தளர்வாகவோ இருத்தல் வேண்டும். மிருதங்க வித்துவான் கச்சேரிக்கு முன் தொப்பியின் நடுவே ரவையைப் பிசைந்து அப்புவதை நாம் கண்டிருக்கிறோம். கனம் கூடுவதால் தோலின் சுருதி தாழ்கிறது. சப்வூபரின் கூம்பு கனமாக அமைந்திருப்பதும் இதே தத்துவத்தின்படிதான். திருச்சிராப்பள்ளியில் பிறந்து, 1933-இல் பெங்களூருக்கு வந்து, அங்கேயே தமது ஆராய்ச்சி நிலையத்தையும் நிறுவிய சர் சி. வி. ராமன், மிருதங்கத்தின் அதிர்வுகளைப் பற்றி 1920-ஆம் ஆண்டிலேயே உலகறிய எழுதினார் என்பதையும் ஈண்டு நினைவுகூர்தல் தகும்.

இனி, இந்த ஒலிபெருக்கிக்குப் பெட்டி எதற்கு? கூம்பு முன்னே தள்ளும்போது முன்புறக் காற்று அழுந்துகிறது. அதே கணத்தில் பின்புறக் காற்று தளர்கிறது. ஒலி வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்கிறது. ஆகவே 50 அதிர்வுகள் கொண்ட சுருதியின் அலைநீளம் ஏறத்தாழ 7 மீட்டர். இவ்வளவு நீண்ட அலைக்கு ஒரு சாண் அகலமுள்ள கூம்பு ஒரு தடையே அன்று. முன்புற அழுத்தம் பின்புறத் தளர்ச்சியை நோக்கி வளைந்து பாய, ஒன்றை மற்றொன்று அழித்துவிடுகிறது. பெட்டியில்லாத சப்வூபர் கூம்பை ஆட்டும், நாதத்தைத் தராது. பின்புற அலையைச் சிறைப்படுத்துவதே பெட்டியின் முதற் கடமை.

அதற்கு மற்றொரு கடமையும் உண்டு. மூடிய பெட்டியில் அடைபட்ட காற்று ஒரு வில்லாக வேலை செய்கிறது. சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு அழுத்திப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். பெட்டி சிறுத்தால் இந்த வில் விறைப்பாகிறது. விறைத்தால் சுருதி ஏறுகிறது. அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் என்பவர் 1954-இல் இக்காற்று வில்லையே துணையாகக் கொண்டு சிறிய பெட்டியில் ஆழ்ந்த நாதத்தை எழுப்பிக் காட்டினார். பின்னர் ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-இலும், அவரைத் தொடர்ந்து ரிச்சர்டு ஸ்மால் 1970-களிலும் இதற்குரிய கணக்குகளை வகுத்துத் தந்தனர். இன்று ஒலிபெருக்கி வாங்கும்போது கிடைக்கும் தாளில் காணும் எண்கள் அவர்கள் பெயராலேயே வழங்குகின்றன.

அவற்றுள் நமக்கு வேண்டியவை மூன்று. முதலாவது, எப்.எஸ்.; பெட்டியின்றி அந்த ஒலிபெருக்கி இயல்பாக அதிரும் சுருதி அது. இரண்டாவது, வி.ஏ.எஸ்.; கூம்பின் தாங்கியில் உள்ள விறைப்புக்குச் சமமான விறைப்புடைய காற்றின் கன அளவு. மூன்றாவது, கியூ.டி.எஸ்.; தட்டிய பின் அதிர்வு எவ்வளவு விரைவில் அடங்கும் என்பதன் அளவு. வி.ஏ.எஸ். எண்ணைப் பெட்டியின் கொள்ளளவால் வகுத்து, ஒன்றைக் கூட்டி, அதன் வர்க்கமூலத்தைக் காண்க. அந்த வர்க்கமூலத்தால் எப்.எஸ்., கியூ.டி.எஸ். இரண்டையும் பெருக்கினால், பெட்டியில் வைத்த பிறகு அவை எவ்வாறு மாறும் என்பது தெரிந்துவிடும்.

உதாரணமாக, 10 அங்குல ஒலிபெருக்கி ஒன்றுக்கு எப்.எஸ். 30, வி.ஏ.எஸ். 30 லிட்டர், கியூ.டி.எஸ். 0.45 என்று கொள்வோம். 20 லிட்டர் பெட்டியில் வைத்தால் வர்க்கமூலம் 1.58 ஆகிறது. சுருதி 47-க்கும், அடக்க அளவு 0.71-க்கும் உயர்கின்றன. அடக்க அளவு 0.7 அளவில் நிற்பது நேர்த்தியானது; தட்டியது தட்டியபடி கேட்டு உடனே அடங்கும். இடம் போதவில்லை என்று அதே ஒலிபெருக்கியை 8 லிட்டர் பெட்டியில் திணித்தால், சுருதி 65-க்கும், அடக்க அளவு ஏறத்தாழ 1-க்கும் ஏறிவிடும். அப்போது ஆழ்ந்த நாதம் மறைந்து, எல்லாப் பாட்டிலும் ஒரே வகையான வீங்கிய முழக்கம் மேலோங்கும். “சத்தம் வருகிறது, தாளம் தெளியவில்லை” என்று பலர் குறைபடுவதற்கு இத்தகைய திணிப்பே பெரும்பாலும் காரணமாகும்.

பெட்டியில் துளையிட்டுக் குழாய் பொருத்தும் முறையும் உண்டு. கடத்தின் வாய்க்குள் அடைபட்ட காற்று முழங்குவது போல, குழாயிலுள்ள காற்றும் குறித்த ஒரு சுருதியில் முழங்கி ஒலிபெருக்கிக்குத் துணை செய்யும். ஆனால் 20 லிட்டர் பெட்டியை 35 அதிர்வுகளுக்கு இசைக்க வேண்டுமானால், ஏழரை சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாய் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் நீளம் இருத்தல் வேண்டும். அவ்வளவு நீளத்தைச் சிறு பெட்டிக்குள் எங்கே அடைப்பது? ஆழ்ந்த சுருதி, சிறிய பெட்டி, குறைந்த மின்சக்தியில் மிகுந்த ஒலி ஆகிய மூன்றும் ஒருங்கே கிட்டா. இரண்டைப் பெற்றால் மூன்றாவதை விட்டுக்கொடுக்க வேண்டும். ஹாப்மன் என்ற நிபுணரின் பெயரால் வழங்கும் இவ்விதி இயற்கையின் விதி. எக்கடைக்காரராலும் இதை மீற இயலாது.

ஆயினும் காரில் வசிக்கும் மூடிய பெட்டிக்கு ஓர் அனுகூலம் உண்டு. சிறு காரின் உட்புற நீளம் பெரும்பாலும் மூன்று மீட்டருக்குள் அடங்கும். அரை அலைநீளம் அந்நீளத்தை விஞ்சும் தாழ்ந்த சுருதிகளில், அதாவது ஏறத்தாழ 60 அதிர்வுகளுக்குக் கீழே, காருக்குள் இருக்கும் காற்று முழுவதும் ஒருசேர அழுந்தித் தளர்கிறது. ஆகவே ஒலி வலுப்பெறுகிறது. மூடிய பெட்டியின் ஒலியோ அதே எல்லைக்குக் கீழேதான் மெலியத் தொடங்குகிறது. ஒன்றின் குறையை மற்றொன்று பெருமளவு ஈடு செய்துவிடுகிறது. வீட்டுக் கூடத்தில் ஏமாற்றம் தரும் சிறு பெட்டி, காரில் மனநிறைவைத் தருவதன் இரகசியம் இதுவே.

இனி அளவுக்கு வருவோம். 2006-ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில், நான்கு மீட்டருக்கு மேற்படாத சிறு கார்களுக்கு வரிச் சலுகை அளிக்கப்பட்டது. அது முதல் நம் நாட்டுக் கார்கள் பலவும் அந்நீளத்துக்குள் சுருக்கப்பட்டன. சுருங்கியதில் டிக்கியும் தன் பங்கைக் கொடுத்தது. 2018-இல் வெளிவந்த ஸ்விப்ட் காரின் டிக்கி 268 லிட்டர். அதற்கு முந்திய ஆண்டு வெளிவந்த டிசையருக்கு 378 லிட்டர். இதில் நம் பெட்டி எவ்வளவு இடம் கொள்ளும்?

பின்னிருக்கையின் முதுகு பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால், அதன் அடியில் மூன்று மூலையாக ஓர் இடம் வீணாகக் கிடக்கிறது. அங்கே பொருந்துமாறு மேலே ஒடுங்கிக் கீழே அகன்ற பெட்டியே உகந்தது. உட்புற அகலம் 50, உயரம் 30, மேற்புற ஆழம் 9½, கீழ்ப்புற ஆழம் 20 சென்டிமீட்டர் என்று அமைத்தால், கொள்ளளவு 22 லிட்டர் வரும். ஒலிபெருக்கியின் காந்தமும் உட்சட்டமும் இரண்டு லிட்டரைக் கொண்டுபோக, எஞ்சுவது 20 லிட்டர். 18 மில்லிமீட்டர் பலகையால் செய்யும்போது வெளி அளவில் ஏறத்தாழ 33 லிட்டர் ஆகிறது. அதாவது, மரமே 11 லிட்டரை விழுங்கிவிடுகிறது! வெளி அளவை எடுத்துக்கொண்டு பெட்டி செய்யச் சொல்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். எப்படியும் டிசையரின் டிக்கியில் பதினொன்றில் ஒரு பங்குக்கு மேல் போகவில்லை. அரிசி மூட்டைக்கு இடம் இருக்கிறது.

ஒலிபெருக்கியைச் செங்குத்தான பின்முகத்தில் பொருத்த வேண்டும். உள்ளே ஆழம் குறைவு ஆகையால், பொருத்தும் ஆழம் 11 சென்டிமீட்டருக்கு மேற்படாத ஒலிபெருக்கியையே வாங்குதல் நலம். இருக்கையின் சாய்வு காருக்குக் கார் மாறும். தூக்குக் குண்டு ஒன்றைத் தொங்கவிட்டு அளந்து, அட்டையில் மாதிரிப் பெட்டி செய்து வைத்துப் பார்த்த பிறகே பலகையை அறுக்கச் சொல்லுங்கள். ஸ்டெப்னியின் மூடி தடையின்றித் திறக்கிறதா என்பதையும் அப்போதே பாருங்கள். நடுவழியில் டயர் பஞ்சரானால் நாதம் உதவாது.

மழைக்காலத்தில் டிக்கியில் ஈரம் சேர்வதுண்டு, ஆகையால் எம்.டி.எப். பலகையினும் நீர் தாங்கும் நல்ல பிளைவுட்டே மேலானது. மூலைகளில் பசை பூசித் திருகாணியிட்டு, உட்புற இடுக்குகள் அனைத்தையும் சிலிக்கோனால் அடைக்க வேண்டும். பொருத்திய பின் கூம்பை உள்ளங்கையால் மெல்ல அழுத்தி விடுங்கள். அது தயங்கி மெதுவாக மீண்டால் பெட்டி இறுக்கமாக உள்ளது. உடனே துள்ளி மீண்டால் எங்கோ காற்று கசிகிறது. உள்ளே தலையணைக்கான பாலியெஸ்டர் பஞ்சைத் தளர்வாக நிரப்பினால், பெட்டி சற்றுப் பெரிதானாற் போல நடந்துகொள்ளும்.

எஸ்.பி. ரோடிலும் ஜே.சி. ரோடிலும் வேண்டிய பொருள்கள் கிடைக்கும். ஆனால் கடையில் கிடைக்காதது எச்சரிக்கை. ஒலிபெருக்கியுடன் இப்பெட்டி 12, 13 கிலோ எடை வரும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் மோதி நின்றால், கட்டப்படாத பெட்டி 14 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருளின் வேகத்தோடு முன்னே பாயும். பின்னிருக்கையில் அமர்ந்திருப்பவர் பாட்டியாகவோ குழந்தையாகவோ இருக்கலாம். ஆகையால் பெட்டியை உலோகப் பட்டைகளால் காரின் உடலோடு இறுகப் பிணைத்தே தீரவேண்டும். துளையிடுமுன் அடியில் பெட்ரோல் தொட்டியோ குழாயோ உள்ளதா என்று பார்க்க வேண்டும். சி.என்.ஜி. சிலிண்டர் உள்ள டிக்கியில் இவ்வேலையைத் தாமாகச் செய்யவே கூடாது.

மின்சாரத்திலும் கவனம் வேண்டும். 300 வாட் ஆம்ப்ளிபயர் முழுச் சக்தியில் 25 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். மெல்லிய கம்பி சூடேறித் தீப்பற்றக்கூடும். பேட்டரியிலிருந்து ஒரு முழத்துக்குள் பியூஸ் அமைய வேண்டும். ஆம்ப்ளிபயருக்கு அருகில் மட்டும் வைத்தால், இடையே உள்ள நீண்ட கம்பிக்குக் காவல் இல்லை.

இறுதியாக, அண்டை வீட்டாரைப் பற்றியும் சில சொற்கள். தாழ்ந்த சுருதி சுவரையும் ஜன்னலையும் எளிதில் ஊடுருவும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என்று வரம்பு கட்டியுள்ளன. பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் சுற்றி அமைந்த அமைதி மண்டலங்களில் வரம்பு இன்னும் குறைவு. மாஸ்க் ரோடிலும் கோல்ஸ் பார்க்கைச் சுற்றியும் பல மொழியினர், பல சமயத்தினர் நெருங்கி வாழ்கிறார்கள். நம் காரின் முழக்கம் ஒருவர் தொழுகையையோ, மற்றொருவர் உறக்கத்தையோ கலைக்குமானால், அதை இசை என்று கூறுதல் பொருந்தாது.

முன்னே சொன்ன குடும்பத்துக்கு வருவோம். மகன் விரும்பிய நாதமும் கிடைத்தது; தாயார் கேட்ட இடமும் மிஞ்சியது. இதைச் சாதித்தது, பலகையை அறுக்குமுன் போட்ட ஒரு சிறு கணக்கே. பொங்கலுக்கு ஊர் செல்லும் வழியில் மிருதங்கத்தின் தொப்பி நாதம் தெளிவாக எழும். திரும்பும் வழியில் அதன் பக்கத்திலேயே புத்தரிசியும் பத்திரமாக வந்து சேரும்.