பதினாறா, பதினேழா?

பரோடாவில் மிருதங்கம் கற்கும் பிள்ளைகளின் பெற்றோர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "காலேஜில் தபலா படித்தால் மிருதங்கக் கை கெட்டுப் போகுமா?" 2001-ல் மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் தபலா மாணவனாக நான் சேர்ந்தபோது எங்கள் வீட்டிலும் இதே கேள்விதான். அப்பாவின் கவலை வேலையைப் பற்றியது. ஏழு வருடம் மிருதங்கம் சொல்லிக் கொடுத்த வாத்தியாரின் கவலை வேறு. "ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்னு ஆயிடும்டா" என்றார்.

இந்த ஊருக்கு மிருதங்க ஓசை புதிதல்ல. 1880-ல் சாயாஜிராவ் மன்னர் மணந்த மகாராணி தஞ்சையிலிருந்து வந்தவர். அவரை ஒட்டி ஆடல் மகளிரும் நட்டுவனாரும் இங்கு வந்தார்கள். 1886-ல் மௌலா பக்ஷ் தலைமையில் மன்னர் தொடங்கிய இசைப் பள்ளிதான் பின்னாளில் பல்கலைக்கழகத்தின் ஒரு புலமாக வளர்ந்தது. ஆனாலும் நான் சேர்ந்த வகுப்பில் தாளம் பேசிய மொழி வேறு.

முதலில் கை. மிருதங்கத்தின் தொப்பியில் ரவையைப் பிசைந்து அப்பி, உள்ளங்கை முழுவதையும் வீசி அடிக்கிறோம். தபலாவின் இடது பாகமான பாயாவில் நிரந்தரமான கறுப்பு மை இருக்கும். மணிக்கட்டைத் தோலின் மேல் ஊன்றி, விரல் நுனியால் தட்டி, அழுத்தி இழுத்தால்தான் கும்கி வரும். ஒரு வருடத்தில் என் தொப்பி அடி மெலிந்துவிட்டது உண்மை. அதன் பிறகு காலையில் மிருதங்கம், மாலையில் தபலா என்று பிரித்துக் கொண்டேன். ஆறு மாதத்தில் அடி திரும்பியது.

கையைவிடக் கணக்குதான் என்னைச் சோதித்தது. தீன்தாலுக்கு 16 மாத்திரை. 1, 5, 13-ல் தட்டு, 9-ல் வீச்சு. நமது ஆதி தாளத்தின் 8 அட்சரங்களை இரண்டிரண்டாகப் பிரித்தாலும் 16 வரும். "ரெண்டும் ஒண்ணுதானே!" என்று நினைத்திருந்தேன். முதல் வருடத் தேர்வில் கையில் தாளம் போட்டு ஒரு திஹாயி சொல்லச் சொன்னார்கள். ஒரு சொற்கோவையை மூன்று முறை சொல்லி முடிப்பதுதான் திஹாயி. நமது மோரா மாதிரி. அவர்களுடைய 'திட கத கதி கன தா'வுக்கு 5 மாத்திரை. நமது 'ததிங்கிணதொம்'முக்கும் 5. மூன்று முறைக்கு 15. பழக்க தோஷத்தில் ஒரு மாத்திரை விட்டு, இரண்டாவதில் எடுத்து, சரியாகப் பதினாறாவதில் முடித்தேன். ஆசிரியர் நிமிர்ந்து பார்த்து, "பேட்டா, சம் கஹான் ஹை?" என்றார். சமம் எங்கே என்று கேட்கிறார்! எனக்கு வியர்த்துவிட்டது.

பிழை இதுதான். திஹாயியின் கடைசி 'தா' அடுத்த ஆவர்த்தத்தின் சமத்திலேயே விழ வேண்டும். அதாவது பதினேழாவதில். இடைவெளி இல்லாமல் சொன்னால் மூன்றாவது மாத்திரையில் எடுக்க வேண்டும். நடுவில் ஒவ்வொரு மாத்திரை விட்டால் சமத்திலேயே எடுக்கலாம்: 5+1+5+1+5 = 17. நமது மோராவோ பதினாறுக்குள் முடிந்து நிற்கும். அடுத்த எண்ணில் பாட்டு எடுக்கும். எடுப்பு சமத்தில் இல்லாமல் தள்ளியிருந்தால் மோராவும் அந்த இடத்துக்கேற்பத் தள்ளி முடியும்.

பெயரை நம்பியும் ஏமாந்தேன். நாம் வழக்கமாகப் போடும் ரூபகம் 6 அட்சரம். இவர்களுடைய ரூபக் 3+2+2 என்று 7. அதிலும் முதல் மாத்திரையே தட்டு இல்லாத வீச்சு! பரீட்சைத் தாளில் இதையெல்லாம் பாத்கண்டே முறைப்படி சமத்துக்குப் பெருக்கல் குறி, வீச்சுக்குச் சுழி என்று எழுதியபோதுதான் மிருதங்கத்தில் நான் கேள்வி கேட்காமல் வாசித்து வந்தவை எனக்கே புரிந்தன.

அந்த ஞாயிற்றுக்கிழமை வாத்தியாரிடம் நடந்ததைச் சொன்னேன். இரண்டையும் சொல்லிக் காட்டச் சொல்லி, தாளம் போட்டுக் கேட்டார். "அவங்க சமத்துல போய் உட்கார்றாங்க. நாம அந்த இடத்தைப் பாட்டுக்காரருக்கு விட்டுக் கொடுக்கறோம். இது தெரிஞ்சா போதும்டா, கை கெடாது" என்றார். அதற்குப் பிறகு அவர் ஆற்றையும் சேற்றையும் பேசியதில்லை.

அப்பாவின் கவலையும் தீர்ந்தது. பட்டம் எனக்குப் பள்ளியில் இசை ஆசிரியர் வேலை தந்தது. மிருதங்கம் நாட்டிய மேடைகளைத் தந்தது. ஆகவே பெற்றோர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: மிருதங்கத்தில் கை நிலைத்த பிறகு தபலாவுக்கு அனுப்புங்கள். தினசரி மிருதங்க சாதகத்தை நிறுத்த விடாதீர்கள். எதையும் வாயால் சொல்லிப் பார்த்து வாசிக்கப் பழக்குங்கள். பதினாறு எங்கே, பதினேழு எங்கே என்று பிள்ளைக்குத் தெரிந்துவிட்டால், இரண்டு வாத்தியமும் ஒரே வீட்டில் இருக்கலாம்.