பழைய கார் வாங்கப் போனேன்



1996 ஆம் ஆண்டு நான் ஒரு காரை விற்றேன். கடந்த ஆண்டு ஒரு காரை வாங்கினேன். இந்த இரண்டுக்கும் இடையில் நான் கற்றுக்கொண்டவற்றை உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

என் கணவர் யாழ்ப்பாண நகரில் ஒஸ்ரின் ஏ40 கார் ஒன்றை வாடகைக்கு ஓட்டியவர். 1990 இல் மீண்டும் போர் மூண்டபோது பெற்றோலும் பற்றறியும் குடாநாட்டுக்கு வருவது தடுக்கப்பட்டது. புதிய வாகனங்கள் பல முடங்கின. இந்தப் பழைய பிரித்தானியக் கார்களோ ஓடின. இவற்றின் எஞ்சினில் அழுத்தம் குறைவு. அதனால் துளி பெற்றோல் விட்டு, கைபிடியால் சுற்றி ஸ்ராட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். எங்கள் அடுப்பு எரிந்தது அந்தக் காரால்தான்.

1995 இல் ஷெல் வீச்சில் அவர் இறந்தார். அந்த ஆண்டு ஒக்ரோபரில் நடந்த பெரும் இடப்பெயர்வில் கைக்குழந்தையுடன் தென்மராட்சிக்குப் போனேன். மறு ஆண்டு திரும்பி வந்தபோது கார் மாமரத்தடியில் அப்படியே நின்றது. வாங்க வந்தவர், "இது இரும்புக்குத்தான் ஆகும் தங்கச்சி" என்றார். அவர் சொன்னதே விலை. காட்டிய தாளில் கையொப்பமும் இட்டேன். ஒரு மாதத்துக்குள் அதே கார் வாடகைக்கு ஓடுவதைக் கண்டேன். காரை விற்றது அல்ல, அதன் பெறுமதி தெரியாமல் விற்றதுதான் எனக்கு வந்த நட்டம்.

இன்று என் மகள் மணவறை அலங்காரத் தொழில் செய்கிறாள். மாப்பிள்ளை பெண்ணை ஏற்றிச் செல்லப் பழைய கார் கேட்பவர்கள் இப்போது அதிகம். சமையல் செய்து கொடுத்தும் சீட்டுப் பிடித்தும் நான் சேர்த்த பணம் இருந்தது. "அம்மா, கூரை திறக்கிற மொறிஸ் மைனர் ஒண்டு விலைக்கு நிக்குது. அதையே வாங்குவம்" என்றாள்.

மொறிஸ் மைனர் 1948 இல் இங்கிலாந்தில் அறிமுகமான கார். கூரை திறக்கும் வகையையும் அந்த நிறுவனமே செய்தது. நாங்கள் பார்த்த காருக்குக் கழற்றிப் பூட்டக்கூடிய கடினமான மேற்கூரையும் இருந்தது. கண்ணுக்கு அழகுதான். விலை 16 இலட்சம் ரூபா. "கொம்பனியிலிருந்தே இப்பிடித்தான் வந்தது அக்கா" என்றார் விற்பவர்.

அயலில் கறாச் வைத்திருக்கும் அண்ணை ஒருவரைக் கூட்டிச் சென்றிருந்தேன். அவர் முதலில் கேட்டது வாகனப் பதிவுப் புத்தகத்தை. அதில் உடலின் வகை 'சலூன்' என்று இருந்தது. அதாவது மூடிய கூரைக் கார். பிறகு அவர் கதவைத் திறந்து மூடிப் பார்த்தார். நன்றாகவே மூடியது. எங்கள் நால்வரை உள்ளே இருத்திவிட்டு மீண்டும் மூடினார். கதவு பொருந்தவில்லை.

"பிள்ளை, இந்தக் காருக்குத் தனிச் சட்டம் கிடையாது. உடல்தான் பாரத்தைத் தாங்குது. கூரையும் அதிலை ஒரு பங்கு. கொம்பனி கூரையை எடுக்கேக்கை அடிப்பக்கத்துக்குப் பலம் குடுத்துத்தான் செய்யும். இதிலை வாளாலை வெட்டியிருக்கினம். பாரம் ஏற நடு தொய்யுது" என்றார்.

கூரைக்காக விலை கூட்டிக் கேட்ட அந்தக் காருக்கு உண்மையில் அந்தக் கூரையாலேயே மதிப்புக் குறைந்திருந்தது. மகளின் முகம் வாடிவிட்டது. எனக்கும் கவலைதான். ஆனால் ஒரு மணப்பெண்ணை அதில் ஏற்ற மனம் வரவில்லை.

இரண்டு கிழமைக்குப் பின் சாதாரணக் கூரையுடன் இன்னொரு மொறிஸ் மைனரைப் பார்த்தோம். 11 இலட்சம் கேட்டார்கள். நல்ல நிலையில் உள்ள அதே வகைக் கார்களுக்கு என்ன விலை போகிறது என்று மூன்று இடங்களில் முன்பே விசாரித்திருந்தேன். அங்கும் ஏறக்குறைய அதே விலைதான். ஆகவே இந்தக் காரில் உள்ள குறைகளுக்குக் கழிக்க வேண்டும் அல்லவா?

காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றித் தகடு முழுவதும் வைத்துப் பார்த்தோம். ஒட்டாத இடத்தில் துரு தின்ற ஓட்டையைப் பட்டி பூசி மறைத்திருந்தார்கள். உப்புக் காற்று வீசும் எங்கள் ஊரில் காரின் தளத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ஸ்ராட் செய்யச் சொன்னோம். நீலப் புகை வந்தால் எஞ்சின் ஒயிலை எரிக்கிறது என்று பொருள். மண்ணெண்ணெயில் நெடுங்காலம் ஓடிய கார்களில் இந்தத் தேய்வு இருக்கக்கூடும். இதில் புகை இல்லை.

பிறகு ஒரு தாளில் கணக்கெழுதினேன். தளத் தகடு ஒட்ட 1 இலட்சம், பிரேக் வேலைக்கு 50,000, ரயர் நான்குக்கு 80,000. மொத்தம் 2,30,000. 11 இலட்சத்தில் கழித்தால் 8,70,000.

விற்பவர் சிரித்தார். "ஆம்பிளையள் ஆரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ அக்கா, பேசுவம்" என்றார்.

"காசு என்ரை தம்பி. நான்தான் பேசுவன்" என்று தாளை நீட்டினேன். ஒவ்வொரு வரியாக வாசித்தார். கடைசியில் 9 இலட்சத்துக்குச் சம்மதித்தார்.

சகோதரிகளே, 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின் பழைய வாகனங்களின் விலையும் ஏறியது. 2025 இல் தனியார் வாகனங்களுக்கும் அனுமதி கிடைத்தது. ஆனால் வரி அதிகம். ஓட்டோவோ மோட்டார் சைக்கிளோ, பழையதை வாங்கப் போகிறவர்கள் இவற்றை மனதில் வையுங்கள்.

புத்தகத்தில் உள்ள எஞ்சின் இலக்கமும் சசி இலக்கமும் வாகனத்தில் உள்ளவையும் ஒன்றா என்று பாருங்கள். லீசிங் கடன் தீர்ந்துள்ளதா, வருமான உத்தரவுப் பத்திரம் நிலுவையில் உள்ளதா என்று கேளுங்கள். 'ஓப்பன் பேப்பர்' என்று கையொப்பமிட்ட தாளை மட்டும் நம்பி முழுப் பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள். பதிவுபெற்ற உரிமையாளர் இறந்துவிட்டாலோ வெளிநாடு போய்விட்டாலோ பெயர் மாற்ற அலைய நேரிடும். விற்பவர்களும் பெயர் மாற்றும்வரை கவனமாக இருங்கள்.

எங்கள் கார் இப்போது கலியாணங்களுக்கு ஓடுகிறது. திறக்காத அந்தக் கூரையின் மேல் மகள் மல்லிகைச் சரம் கட்டுகிறாள். பதிவுப் புத்தகம் என் அலுமாரியில் இருக்கிறது. அதில் இருப்பது என் பெயர்.